வரி கழித்த விசுவாசம்

பச்சை ஸ்டிக்கரின் ஒரு மூலை மட்டும் உரிந்து கையோடு வந்தது. மிச்சமெல்லாம் கேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது.

மாஸ்டர் சமையலறைக்கு ஓடி, ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் கத்தியை எடுத்துவந்து சுரண்டினார். 'நன்றி, இந்த வீடு நர்ஸம்மாவோடு' என்ற வாசகத்தில் நன்றி போய்விட்டது. வீடு மட்டும் நர்ஸம்மாவோடு அப்படியே இருந்தது. வெந்நீர் ஊற்றிப் பார்த்தார். கேட்டின் பெயின்ட் பாளம் பாளமாகக் கழன்றது. ஸ்டிக்கரோ குளித்து முழுகியது போல முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது.

தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி வீடு திரும்பும் நேரம்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஒரே ஒரு பழைய கார், இரண்டு பக்கமும் பிரேக், கூரைமேல் சிவப்பில் 'எல்' என்று ஒரு பலகை. ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மீதிப் பாதி இன்னும் கற்றுக்கொண்டிருந்தது. காரில் உட்கார்ந்தால் புலி. இறங்கிவிட்டால், குறிப்பாக மனைவியின் அண்ணன் எதிரே வந்துவிட்டால், பூனைக்குக்கூட வழிவிட்டு நிற்பார்.

அந்த வருடம் நகர்மன்றத் தலைவர் தேர்தலில் இரண்டே பேர் போட்டியிட்டார்கள். ஒருவர், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸம்மா. இன்னொருவர், டைல்ஸ் கடை முதலாளி. அவர்தான் மாஸ்டரின் மச்சான். மாஸ்டர் குடியிருந்த வீடும் மச்சானுடையதுதான். கீழே தங்கை குடும்பம். மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தனியாக வாடகைக்கு இருந்தார்.

இப்படிப்பட்ட நிலைமையில், புத்தியுள்ள மனிதன் யாருக்கு நன்கொடை கொடுப்பான் என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் மாஸ்டர் நர்ஸம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்.

எல்லாம் அரசாங்கம் கொண்டுவந்த புதுச் சட்டத்தால் வந்த வினை. வேட்பாளர்கள் பெரிய முதலாளிகளிடம் கைநீட்டிப் பணம் வாங்குகிறார்கள், ஜெயித்த பிறகு அவர்கள் முன்னாலேயே கைகட்டி நிற்கிறார்கள். அது மாற வேண்டுமானால் சாதாரண ஜனங்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். சும்மா கொடு என்றால் யார் கொடுப்பார்கள்? ஆகவே, கொடுத்த தொகையை அவரவர் வருமான வரியில் அப்படியே கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவருக்கு வருடத்துக்கு ஒரே ஒரு நன்கொடை, அதுவும் ஒரு சிறிய வரம்புக்குள். 'குரல் உங்களுடையது, செலவு எங்களுடையது' என்று வரி அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி, சிரிக்கும் குடும்பம் ஒன்றையும் வரைந்திருந்தார்கள்.

இந்தச் சட்டத்தை ஊரில் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னவர் மச்சான்தான். குளியலறைக்கு டைல்ஸ் வாங்க வந்தவர்களைக்கூட அவர் விடவில்லை. கையை விட்டு ஒரு காசு போகாது, எனக்குக் கொடுத்தால் அரசாங்கமே திருப்பித் தரும், கிடைக்கிற சலுகையை விடுகிறவன் முட்டாள் என்று, பசை காய்வதற்குள் பிரசங்கத்தை முடித்துவிடுவார். மாஸ்டரும் அதைக் கேட்டுத் தெளிந்துதான் வரி அலுவலகத்துக்குப் போனார்.

போகும் வழியில்தான் ஆஸ்பத்திரி முனை இருந்தது.

அந்தத் திருப்பத்தில் எதிரே வருவது எதுவும் தெரியாது. சிக்னல் கிடையாது. தினமும் கற்றுக்குட்டிகளோடு அந்த முனையைத் தாண்டும்போது மாஸ்டர் தன் பிரேக்கில் இரண்டு காலையும் வைத்திருப்பார். ஜெயித்தால் அங்கே நடுவில் டைல்ஸ் பதித்த செயற்கை நீரூற்று கட்டுவேன் என்று மச்சான் சொல்லியிருந்தார். அதாவது, இப்போது பாதி தெரிகிற பாதையும் முழுசாக மறைந்துவிடும். நர்ஸம்மா ஒரு சிக்னல் வைப்பேன் என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த முனையில் அடிபட்டு வந்தவர்களுக்கெல்லாம் கட்டுப்போட்டு அலுத்தவர் அவர். போதாததற்கு, வயசான காலத்தில் மாஸ்டரிடமே கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். அதே முனையில் வண்டியை நிறுத்திவிட்டுத் திருதிருவென்று விழித்த அனுபவமும் அவருக்கு உண்டு.

வரி அலுவலகத்து ஜன்னலில், யாருக்கு என்று கேட்டார்கள். மாஸ்டரின் வாய் அவரைக் கேட்காமலே நர்ஸம்மா பெயரைச் சொல்லிவிட்டது. யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

நர்ஸம்மாவின் தொண்டர்கள் நன்றி சொல்ல வீடு தேடி வருவார்கள் என்றோ, கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் என்றோ அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"என்னங்க, கேட்டுக்கு என்ன ஆச்சு?"

மனைவி வந்து பின்னால் நின்றிருந்தாள். மாஸ்டர் ஒரு கையில் கெண்டியும் ஒரு கையில் வெண்ணெய்க் கத்தியுமாகத் திரும்பினார்.

"தப்பா ஒட்டிட்டுப் போயிட்டாங்க," என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பயந்த மனிதனுக்கு நிறுத்தத் தெரியாது. "மாடிக்கு ஒட்ட வேண்டியது. வாத்தியார் குடுத்திருப்பார் போல."

மனைவி மாடியை நிமிர்ந்து பார்த்தாள். வாத்தியாரின் கருமித்தனம் தெருவே அறிந்தது. சுவரில் வளைந்து கிடக்கும் பழைய ஆணியைக்கூடப் பிடுங்கி நிமிர்த்தி வைத்துக்கொள்கிறவர். அவரா என்று கேட்டாள். முழுசாகத் திரும்பி வருகிற பணமாயிற்றே, கொடுக்க மாட்டாரா என்று மாஸ்டர் சொன்னார். அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டதை அவள் உடனே அண்ணனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் மச்சான் வந்து, மாடிப்படியில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி வாத்தியாரைக் கேள்வி கேட்டார். வாத்தியார் தான் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் எதிர்வீட்டு அம்மாள், "வாத்தியாருக்குள்ள இப்படி ஒரு தாராள மனசு இருக்கும்னு நெனைக்கவே இல்ல," என்று சொல்லிவிட்டாள். பால்காரர் நின்று வணக்கம் வைத்தார். பிறந்தது முதல் தாராளம் என்ற வார்த்தையைத் தன்னைப் பற்றி ஒருவரும் சொல்லிக் கேட்டிராத மனிதர். திறந்த வாயை மூடிக்கொண்டு, ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் ஒரு புன்னகை புரிந்தார்.

மச்சான் போன பிறகு கீழே இறங்கி வந்தார்.

"மாஸ்டர், இந்தக் கேட்டுக்குள்ள இருக்கறது ரெண்டு வீடு. ஒரு வீடு குடுக்கல. மிச்சம் எத்தனை?"

மாஸ்டர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். வாத்தியார் விடைக்கு வற்புறுத்தவில்லை. எனக்கும் இந்தப் பெயர் பிடித்திருக்கிறது, உங்களுக்கும் நான் பேசாமலிருப்பது பிடிக்கும், அதனால் தினமும் காலையில் என்னைப் பூங்காவில் இறக்கிவிட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்று முதல் காரின் பின் சீட்டு அவருடையதாயிற்று.

அத்தோடாவது தீர்ந்ததா என்றால், இல்லை. இரண்டு நாள் கழித்து மனைவி ஆரம்பித்தாள். அண்ணன் தனக்குக் கொடுத்தவர்களையெல்லாம் கடைக்கு வரவழைத்துக் கைகுலுக்குகிறாராம், நீங்கள் மட்டும் இன்னும் வரவில்லையாம், மாப்பிள்ளைக்கு என் மேல் ஏதாவது மனத்தாங்கலா என்று கேட்கிறாராம்.

மாஸ்டருக்கு அந்த வருடத்துச் சலுகை தீர்ந்துபோயிருந்தது. இனி கொடுத்தால் கொடுத்ததுதான், ஒரு காசு திரும்பாது. இருந்தும் வேறு வழி தெரியவில்லை. காருக்கு கிளட்ச் மாற்ற எடுத்து வைத்திருந்த பணத்தை அப்படியே கவரோடு கொண்டுபோய் டைல்ஸ் கடையில் நீட்டினார்.

கடைக் கணக்கர், மூக்குக்கண்ணாடியை ஒரு தரம் துடைத்துப் போட்டுக்கொள்ளாமல் எதையும் செய்யாத மனிதர், வரி எண்ணைக் கேட்டார். அந்த எண்ணைச் சொன்னால், ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்தாயிற்று என்று அடுத்த நிமிடமே குட்டு உடைந்துவிடும்.

"எனக்குச் சலுகை வேண்டாம்," என்றார் மாஸ்டர். "நான் பாசத்துல குடுக்கறேன்."

மச்சான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஊரில் இதுவரை பணம் கொடுத்த அத்தனை பேரும் வரியில் கழித்துக்கொள்ளத்தான் கொடுத்திருந்தார்கள். கழிக்க வேண்டாம் என்று சொன்ன முதல் மனிதர் இவர்தான். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொள்ள, கடைப் பையன்கள் எல்லோரையும் கூப்பிட்டு, இதுதான் விசுவாசம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று காட்டினார். இப்படிப்பட்டவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் தூரத்தில் வைத்திருந்தது என் தப்பு என்று சொல்லி, அந்த நிமிடமே மாஸ்டரின் காரைத் தன் பிரசார வண்டியாக நியமித்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் கூரையில் எல் பலகைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி ஏறிவிட்டது. இரண்டு பக்கக் கதவிலும் மச்சானின் படம். மச்சான் பேசிப் பதிவு செய்த உரையை ஓடவிடும் கருவியை, கடை எலக்ட்ரீஷியன் நேரே என்ஜினோடு இணைத்துவிட்டார். வண்டி ஓடினால் பேச்சும் ஓடும். வண்டியை நிறுத்தினால்தான் பேச்சு நிற்கும். அணைக்கத் தனி சுவிட்ச் எதற்கு, என் பேச்சை யார் அணைக்கப்போகிறார்கள் என்று மச்சான் கேட்டாராம்.

அடுத்த நாள் காலை நர்ஸம்மாவின் கடைசி வகுப்பு. மறுநாள் அவருக்கு லைசென்ஸ் தேர்வு. மாஸ்டர் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். நர்ஸம்மாவிடமா அது நடக்கும்? நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பிறகுதான் காரைப் பார்த்தார். மாஸ்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, குடும்பச் சூழ்நிலை என்று மென்று முழுங்கினார்.

நர்ஸம்மா சிரித்தார். ஸ்டிக்கர் விஷயத்தைக் கேள்விப்பட்டேன், ஆர்வக்கோளாறில் பண்ணிவிட்டார்கள், கொடுத்தவர் பெயரை இனி வெளியே விடக் கூடாது என்று எல்லோரையும் கண்டித்து வைத்திருக்கிறேன் என்றார். பிறகு மச்சானின் படம் ஒட்டியிருந்த கதவைத் திறந்து ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"அவர் அப்படி என்னதான் சொல்றார்னு நானும் முழுசாக் கேட்டதில்ல மாஸ்டர். இன்னைக்குக் கேட்டுடறேன்."

ஆனால் முழுசாகக் கேட்க முடியவில்லை. கிளட்ச் அன்றைக்குத்தான் தன் ஆயுளை முடித்துக்கொள்ள முடிவு செய்திருந்தது. சரியாக ஆஸ்பத்திரி முனையில், திருப்பத்தின் நட்டநடுவில், வண்டி குலுங்கி நின்றது. நர்ஸம்மா சாவியைத் திருகினார். "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே," என்று கூரையிலிருந்து மச்சான் முழங்கினார். என்ஜின் நின்றது. மீண்டும் திருகினார். "அன்பார்ந்த வாக்காள..." நின்றது. "அன்பார்ந்த..." நின்றது. "அன்பா..."

இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. பஸ்ஸிலிருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். ஆஸ்பத்திரி மாடியிலிருந்து நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். பின் சீட்டில் வாத்தியார், தன்னைப் பார்க்கத்தான் கூட்டம் கூடிவிட்டது போல எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டிருந்தார்.

நர்ஸம்மா இறங்கினார். வார்டில் ஆட்களை விரட்டிய பழக்கம். கை காட்டினால் லாரிகூட நின்றது. ஒரு பக்கத்தை நிறுத்தி, மறு பக்கத்தை அனுப்பி, பின்னால் மாட்டிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டு, முனையை ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டார். ஜனங்கள் கை தட்டினார்கள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்திலிருந்து வந்த நாலைந்து பேரோடு காரின் பின்னால் கை வைத்துத் தள்ளினார். மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று பார்த்தார். அது விழுங்கவில்லை.

கதவில் மச்சான் சிரிக்க, பின்னால் நர்ஸம்மா தள்ள, அந்தக் காட்சியை ஊரில் போன் வைத்திருந்த அத்தனை பேரும் படம் பிடித்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள், நர்ஸம்மா தள்ளினால்தான் மச்சான் நகருவார் என்ற பேச்சு மார்க்கெட்டிலிருந்து தபால் நிலையம் வரைக்கும் வந்துவிட்டது. தபால் நிலையத்தில் அதைக் கேட்டுக்கொண்டு தலை நிமிராமல் முத்திரை குத்திக்கொண்டிருந்தவள் மாஸ்டரின் மனைவி.

சாயங்காலம் மச்சான் வீட்டுக் கூடத்தில் பஞ்சாயத்து. கூடமெங்கும் மாதிரி டைல்ஸ் பதித்திருந்ததால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறத்தில் நின்றார்கள். மாஸ்டர் சாம்பல் நிறத்தில். மனைவி நாலைந்து டைல்ஸ் தள்ளி, அண்ணன் பக்கத்தில். வாத்தியாரையும் வரவழைத்திருந்தார்கள். மூலையில் கணக்கர், கையெழுத்து வாங்க வந்தவர், காபி குடித்துக்கொண்டு காத்திருந்தார்.

மச்சானுக்கு மாஸ்டர் மேல் ஒரு துளிகூடச் சந்தேகம் இல்லை. பாசத்தால் கொடுத்தவராயிற்றே. எல்லாம் வாத்தியார் செய்த சதி என்பது அவர் முடிவு. நர்ஸம்மாவுக்குக் காசு கொடுத்தது இவர், அப்பாவி மாப்பிள்ளையின் காரில் தினமும் ஏறி உளவு பார்த்தது இவர், கிளட்சைக் கெடுத்ததும் இவராகத்தான் இருக்க வேண்டும். "என் வீட்டு மாடியில குடியிருந்துக்கிட்டு எனக்கே குழி தோண்டுறீங்க. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க," என்றார்.

வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வீடு அவருக்கு. அவரோ சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார். மாஸ்டர் பக்கம் திரும்பவே இல்லை. மாஸ்டர் தயவில் கிடைத்த தாராள மனசை மாஸ்டருக்காகவே செலவழிக்கத் துணிந்துவிட்டார் போலிருந்தது.

வயசான மனிதர் இனி எங்கே போய் வீடு தேடுவார் என்று மாஸ்டர் நினைத்துப் பார்த்தார். காரில் கற்றுக்குட்டி தவறு செய்யும்போது தானாக பிரேக்குக்குப் போகும் அந்தக் கால், இப்போதும் தானாக ஓரடி முன்னால் போயிற்று.

"மச்சான், வாத்தியார் குடுக்கல. நர்ஸம்மாவுக்குக் குடுத்தது நான்."

கூடத்தில் கணக்கர் காபி உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. மாஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டிக்கர், கெண்டி, கிளட்ச் பணம், ஆஸ்பத்திரி முனை. அங்கே நீரூற்று கட்டினால் யாராவது சாவார்கள் மச்சான் என்பதையும் சொல்லிவிட்டார். சொல்லி முடித்தபோது, பல நாள் முதுகில் சுமந்த மூட்டையை இறக்கியது போல இருந்தது.

மனைவி அவரைப் பார்த்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ உங்க அண்ணன்கிட்ட மறைக்கணும். அந்தப் பாடு நான் மட்டும் படறதே போதும்னுதான்."

அவள் சாம்பல் நிற டைல்ஸுக்கு நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டாள்.

மச்சானுக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. வாழ்நாளில் பேசிய அத்தனை மேடைப் பேச்சையும் மிஞ்சும்படி பேசினார். சொந்தம் என்றார், சோறு என்றார், துரோகம் என்றார். கீழ்வீடு, மாடிவீடு இரண்டையும் காலி செய்ய வேண்டும் என்றார். எதிராளியின் கையில் ஒரு காசு போனாலும் அது தன் நெஞ்சில் குத்திய ஈட்டி என்றார். கூடத்தில் ஒருவரும் வாய் திறக்காததால் ஆதரவு தேடி மூலைப் பக்கம் திரும்பினார்.

"நீரே சொல்லும்யா. மானம் ரோஷம் உள்ள எவனாவது எனக்கு எதிரா நிக்கற ஆளுக்குக் கொண்டுபோய்ப் பணம் கட்டுவானா?"

கணக்கர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தனக்குத்தானே குடுத்துக்கிட்டா வரியில கழிக்க முடியாது, போட்டியில இருக்கறதோ ரெண்டே பேர். கடைசி நாளாச்சே, கிடைக்கற சலுகையை விடக் கூடாதுன்னு நீங்க சொன்னதாலதானேய்யா, நேத்து உங்க பணத்தையும் நான் நர்ஸம்மாவுக்கே கட்டிட்டு வந்தேன்?"